தும்பைப்பாக்கம் நிலையத்தின் உயரம்

தும்பைப்பாக்கம் ரயில் நிலையத்தின் கூரை விளிம்பில் தொங்கிய மரப்பலகையில் அலங்காரத்துக்கு வெட்டிய நூற்று எண்பத்து நான்கு பற்கள் இருந்தன. சகுந்தலா அவற்றைப் புகைப்படத்தில் மூன்று முறை எண்ணினாள். முதல் இரண்டு முறையும் ஒரே எண் வந்துவிட்டதால் மூன்றாம் முறைக்கு அவசியமில்லை என்றார் அவள் கணவர் தாமோதரன். அவசியம் இருந்து எண்ணினால் அது எண்ணிக்கை, அவசியமில்லாமல் எண்ணினால்தான் சரிபார்ப்பு என்று அவள் பதில் சொன்னாள். இருபது ஆண்டு மணவாழ்க்கையில் இத்தகைய பதில்களுக்கு மறுபதில் கிடையாது என்பதைக் கற்றிருந்த தாமோதரன் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

சகுந்தலா கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தாள். தும்பைப்பாக்கத்துக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகும் பாதையில் கருங்குழிக்கு அப்பால் அப்படி ஒரு நிலையம் இருப்பதே, அகலப்பாதைக்காக அதை இடிக்கப் போகிறார்கள் என்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவ்வூர் ரயில் பயணிகள் சங்கச் செயலர் சுப்புராமன், தாமோதரனுக்குத் தெரிந்தவர். ஓயாமல் மனுப் போட்டு, புதுக் கட்டடத்தின் முகப்பையாவது பழைய அளவிலேயே கட்டித் தருவதாக அதிகாரிகளை ஒப்புக்கொள்ள வைத்திருந்தார். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: பழைய கட்டடத்தின் அளவுகளை யாராவது தர வேண்டும். மூல வரைபடத்தைக் கரையான் தின்றிருந்தது.

அளவெடுத்து வரைபடமாகத் தர முடியுமா என்று சுப்புராமன் கேட்டார். முடியாது என்று சொல்லக் காரணம் எதுவும் கிடைக்காததால் சகுந்தலா ஒப்புக்கொண்டாள். பிறகு ரயில்வேப் பொறியாளர் ஹரிகிருஷ்ணன் வேறொன்றும் கேட்டார். கட்டப் போகும் கொத்தனார்களுக்கு வரைபடம் படிக்க வராது; கண்ணால் பார்த்துக் கையால் தொட ஒரு மாதிரி இருந்தால் வேலை சுத்தமாக நடக்கும் என்றார். அதற்கும் மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

1996 அக்டோபரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவள் அங்கே அளவெடுத்தாள். ஜனவரியில் நிலையத்தை இடித்தார்கள். அதன் பின் பத்து மாதம், ஐம்பதில் ஒரு பங்கு அளவில், அந்த நிலையம் கல்பாக்கம் குடியிருப்பின் சாப்பாட்டு மேசைமேல் மறுபடி எழுந்தது. சுவர்களுக்குத் தடித்த அட்டை. தாழ்வாரத்தின் ஆறு இரும்புத் தூண்களுக்கு மூன்று மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. கடப்பைக்கல் தரைக்குச் சாம்பல் பூசிய தாள், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துண்டு. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

அடுத்த நவம்பரில் மாதிரி முடிந்தது. வரைபடத்தை ஒரு மாதம் முன்பே ஹரிகிருஷ்ணனிடம் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை காலை மாதிரியை ஒப்படைக்க வேண்டும்; அன்று பிற்பகல் புது முகப்பின் தூண்களுக்குக் கான்கிரீட் ஊற்றப் போகிறார்கள். சனிக்கிழமை விடுமுறை. ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. தூணின் தலையில் வார்த்திருந்த இலை வேலைப்பாடு புகைப்படத்தில் நிழலாக இருந்தது. இலைகள் நான்கா ஐந்தா என்று தெரியவில்லை.

பழைய தூண்கள் ஏலத்தில் போயிருந்தன. அவற்றில் ஒன்று கருங்குழியில், ஜி.எஸ்.டி. சாலையோரம், வேண்டா என்பவளின் டீக்கடைக் கூரையைத் தாங்கிக்கொண்டு நிற்பதாகச் சுப்புராமன் சொல்லியிருந்தார். சகுந்தலா பேருந்து ஏறினாள்.

இலைகள் ஐந்து. பெஞ்சின்மேல் ஏறி நின்று அவற்றை வரைந்துகொண்டாள். இறங்குவதற்கு முன் பழக்கதோஷத்தால் கைப்பையிலிருந்து தன் மூன்று மீட்டர் நாடாவை எடுத்துத் தூணின் மேல்தட்டில் மாட்டிக் கீழே விட்டாள்.

"இன்னாம்மா, தூணுக்குத் துணி தெக்கப் போறியா?" என்றாள் வேண்டா, டீ ஆற்றுவதை நிறுத்தாமல்.

"கீழ்முனையைக் கொஞ்சம் அடித்தட்டுல வச்சுப் பிடிங்க."

வேண்டா குவளையை வைத்துவிட்டுக் குனிந்தாள். "எட்டலியே."

"நல்லா இழுங்க."

"இதுக்கு மேல இழுத்தா கடை வந்துடும். இன்னும் மூணு வெரல் பாக்கி கீது."

சகுந்தலா பெஞ்சிலிருந்து இறங்கிக் குந்தி உட்கார்ந்தாள். நாடா முடிந்திருந்தது, தூண் முடியவில்லை. அவளுடைய வரைபடத்தின்படி அந்தத் தூணின் உயரம் இரண்டு மீட்டர் தொண்ணூற்றைந்து. மூன்று மீட்டர் நாடாவில் ஐந்து சென்டிமீட்டர் மிஞ்சியிருக்க வேண்டும். மிச்சத்தை அளந்தாள். ஐந்து சென்டிமீட்டர். மூன்று மீட்டர் ஐந்து.

நிலையத்தில் தூணின் அடி தரைக்குள் புதைந்திருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அது பொருந்தவில்லை. அடித்தட்டில் நான்கு ஆணித் துளைகள் இருந்தன. அந்தத் தட்டு கடப்பைக்கல்லின் மேல் உட்கார்ந்திருந்த புகைப்படம் அவளிடம் இருந்தது. பத்து சென்டிமீட்டர் குறைகிறது. ஒன்பது அல்ல, பதினொன்றும் அல்ல. சரியாகப் பத்து. அந்த எண் அவளுக்குப் பழக்கமானது.

கட்டடத்தை அளக்க அவளுடைய சிறிய நாடா போதாது என்று, அன்று நிலையத்திலேயே இருந்த நீளமான எஃகு நாடாவைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதன் முனைக் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நாடாவை நம்பக் கூடாது. அதற்கு வரைபடப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. முனையை விட்டுவிட்டுப் பத்தாவது சென்டிமீட்டர் கோட்டைச் சுவர் மூலையில் வைத்துப் பிடிப்பார்கள். மறுமுனையில் வரும் எண்ணிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்வார்கள். கீழ்முனையைப் பிடித்தவன் நிலையத்தில் வண்டிகளுக்குப் பாதை மாற்றிவிடும் வேலையிலிருந்த அருணகிரி. பத்தில் பிடிக்கச் சொல்லி அவள்தான் கற்றுக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் எல்லா எண்களிலிருந்தும் பத்துப் பத்தாகக் கழித்தவளும் அவள்தான்.

அருணகிரியின் வீடு கருங்குழியிலேயே, பேரூராட்சி அலுவலகத்துக்குப் பின்னால் இருந்தது. அவன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். அவன் மனைவி அம்சா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அருணகிரி, தூணை அளந்த அந்த ரெண்டாவது ஞாயித்துக்கிழமை டேப்பை எதுல பிடிச்சீங்க?"

"இன்னா மேடம், ஒரு வருசம் களிச்சு வர்றீங்க. வந்ததும் வராததுமா டேப்பா? குந்துங்க."

"பத்துலயா, முனையிலயா?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "காலைல பத்துல. அப்பால முனையில."

"அப்பாலன்னா?"

"மத்தியானப் பாசஞ்சர அனுப்பிட்டு வந்தேன்ல, அதுக்கப்பால. நீங்க டப்பாவைத் தொறந்து சாப்டுகினு இருந்தீங்க. நான் அந்த நேரத்துல கொக்கியைக் கயட்டி, புதுசா ரிவிட்டு அடிச்சு மாட்டிட்டேன். ஒரு நூலு பிசகல. நல்லாகிற டேப்புல எதுக்குப் பத்தை வுட்டுப் புடிக்கணும்?" கேள்வியில் பெருமை இருந்தது.

"இந்தாளு எதையும் சும்மா வுடாது மேடம்," என்றாள் அம்சா. "நல்லா ஓடிகினு இருந்த கடியாரத்த, சரி பண்றேன்னு கயட்டுச்சு. அது இப்போ மூணு டப்பாவுல கீது."

"நீ வாய மூடு. மேடம் எதோ முக்கியமா கேக்கறாங்க."

"சரி பண்ணினதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

அருணகிரி சைக்கிள் சக்கரத்தைக் கையால் நிறுத்தினான். "நீங்க ஏணி மேல நின்னுகினு நம்பர் சொல்லி எளுதிகினு இருந்தீங்க. காலைல ஒரு தபா நடுவுல பேசினதுக்குத் திட்டினீங்க. ஞாபகம் கீதா?"

சகுந்தலாவுக்கு ஞாபகம் இருந்தது. அளவு சொல்லும்போது குறுக்கே பேசுபவனைவிடப் பேசாமல் தூங்குபவன் மேல் என்று சொல்லியிருந்தாள்.

அவனைக் குறைசொல்ல இன்னும் ஒரு வழி மிச்சமிருப்பதாகத் தோன்றியது. அளவுப் புத்தகத்தை எடுத்தாள். வேலையை நிறுத்தி மறுபடி தொடங்கும்போதெல்லாம், நிறுத்துவதற்கு முன் எடுத்த கடைசி அளவைத் திரும்ப ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவளுடைய விதி. புதிதாகச் சேர்பவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லும் விதி. அதைச் செய்திருந்தால் அன்றே பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் தெரிந்திருக்கும். பதினான்காம் பக்கத்தைப் புரட்டினாள். சீட்டு கொடுக்கும் சாளரத்தின் மேல்விளிம்பு. அதற்குக் கீழே, மறுஅளவு இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய சுத்தமான கையெழுத்தில் "மேற்படி" என்று எழுதியிருந்தது.

எண் இல்லை. மேற்படி. சாப்பிட்டு முடித்தபோது ஏணி தூண்பக்கம் போய்விட்டிருந்தது. மேற்கே மழை கட்டியிருந்தது. ஏணியை மறுபடி சாளரத்துக்கு நகர்த்த அவளுக்கு மனமில்லை. அளக்காமலே மேற்படி போட்டுவிட்டு அடுத்த அளவுக்குப் போயிருந்தாள்.

அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொடுத்தது. எந்த இடத்தில் கொக்கி மாறியது என்பதையும் அதுவே காட்டிக்கொடுத்தது. அதற்கு மேலுள்ளவை எல்லாம் சரி. கீழே உள்ள பதினொன்றும் தவறு. தூண், தூணுக்கு மேலே உத்தரம், கூரை விளிம்பு, முக்கோணச் சுவரின் உச்சி, காற்றுப்போக்கித் திறப்புகள்: பதினொன்றும் உயரங்கள். நீளமாக இருந்தால் துண்டுகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிட்டிருப்பாள். உயரத்துக்கு அப்படி ஒரு மொத்தத்தை அவள் எடுக்கவில்லை.

"உங்க மேல தப்பில்லை," என்றாள் அருணகிரியிடம்.

"எம் மேல எதுக்கு மேடம் தப்பு? நான்தான் டேப்ப சரி பண்ணனே!"

கடைத்தெருத் தொலைபேசிச் சாவடியிலிருந்து ஹரிகிருஷ்ணனின் வீட்டுக்குப் பேசினாள். கும்பகோணம் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். அடுத்துச் சுப்புராமனைக் கூப்பிட்டாள். அவர் முழுவதும் கேட்டார்.

"அம்மா, இதை அவர்கிட்ட சொல்லாதீங்க."

"சொல்லாம?"

"அந்த மனுஷனுக்கு இந்த முகப்பே ஒரு தொல்லை. படம் தப்புன்னு தெரிஞ்சா அதையே சாக்கா வச்சு வழக்கமான டிசைனைக் கட்டிட்டுப் போயிடுவார். பத்து சென்டிமீட்டர் குறைஞ்ச முகப்பா, முகப்பே இல்லையா? நீங்களே யோசிங்க. நாலு வருஷம் அலைஞ்சிருக்கேன்."

"யோசிச்சிட்டேன் சார். திங்கட்கிழமை பாக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மாதிரியின் கூரையைத் தூக்கி எடுத்தாள். தாமோதரன் எழுந்து வந்து பார்த்தபோது ஆறு பித்தளைத் தூண்களும் பிடுங்கப்பட்டு வரிசையாகக் கிடந்தன.

"ஐம்பதுல ஒரு பங்குன்னா பத்து சென்டிமீட்டருக்கு எவ்வளவு?"

"ரெண்டு மில்லிமீட்டர்."

"அப்போ அடியில ரெண்டு மில்லிமீட்டர் அட்டையைச் செருகிடு. எல்லாம் சேர்ந்து மேலே போயிடும். முடிஞ்சுது."

"கதவும் ஜன்னலும் சேர்ந்து மேலே போகும். அது காலையில எடுத்த அளவு. அது சரி."

"எவன் பார்க்கப் போறான் சகு?"

"கொத்தனார் பார்ப்பான். அதைப் பார்த்துத்தான் கட்டப் போறான்."

தாமோதரன் சற்று நின்றார். பிறகு பித்தளைக் கம்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அறுபத்தொரு மில்லிமீட்டருக்கு அறுக்கத் தொடங்கியவர், ஒவ்வொன்றையும் அவளிடம் கொண்டுவந்து காட்டினார். இரண்டாவது தூணை அவள் திருப்பி அனுப்பினாள். அரை மில்லிமீட்டர் கூடுதல். அவர் அரத்தை எடுத்துக்கொண்டார்.

முன்சுவரையும் இரண்டு முக்கோணச் சுவர்களையும் அவள் புதிதாகவே வெட்டினாள். கதவுக்கு மேல் ஓடும் பட்டைக்கும் கூரைக்கும் இடையில்தான் அந்த இரண்டு மில்லிமீட்டர் சேர வேண்டும், வேறெங்கும் கூடாது. பழைய சுவரிலிருந்து ஜன்னல்களைக் கத்திமுனையால் பெயர்த்து எடுத்தபோது ஒன்று உடைந்தது. அதை மறுபடி செய்தாள். தூணின் தலையில் இலைகள் ஐந்தாயின. பிற்பகலில் பசை காயக் காத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் பதினொரு பழைய அளவுகளையும் பதினொரு புதிய அளவுகளையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதி, தவறு நேர்ந்த விதத்தைக் கீழே நான்கு வரியில் குறித்தாள். ஐந்தாம் வரி எழுதத் தேவைப்படவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கூரை அதன் இடத்தில் உட்கார்ந்தது. சமையலறைக்குப் போகும் வழியில் அதைக் கடந்து போனாள், நின்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மாதிரியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறித் தும்பைப்பாக்கம் வந்தாள். புதுக் கட்டடத்தின் முன்னால் ஆறு தூண்களுக்கும் தகடு அடைத்து, கம்பி கட்டி, முட்டுக் கொடுத்து, கலவை இயந்திரம் தயாராக நின்றது. ஹரிகிருஷ்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொத்தனார்கள் கூடிவிட்டார்கள். மேஸ்திரி ரஞ்சித்குமார் குனிந்து தாழ்வாரத்துக்குள் எட்டிப் பார்த்து, "மணிகூட கீதுடா!" என்றான். சுப்புராமன் சற்றுத் தள்ளி, அவளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சகுந்தலா தாளை நீட்டினாள்.

ஹரிகிருஷ்ணன் படித்தார். மறுபடி படித்தார். "தூணுக்கு ரெண்டு தொண்ணூத்தஞ்சுன்னு உங்க படத்துல இருக்கு. உங்க கையெழுத்தோட."

"படம் தப்பு. மாதிரி சரி."

"இன்னிக்கு மத்தியானம் கான்கிரீட். இப்போ வந்து சொல்றீங்க."

"சனிக்கிழமை தெரிஞ்சுது. அன்னிக்கே உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன்."

"பத்து சென்டிமீட்டர்ல ரயிலா தடம் புரளப் போவுது?"

"புரளாது சார். ஆனா பழைய முகப்பு அதே அளவுலன்னு வாசல்ல கல்வெட்டு வைக்கப் போறீங்க. அப்படின்னா கல்வெட்டை மாத்துங்க, இல்லைன்னா தூணை மாத்துங்க."

"மூணாவதா ஒண்ணு இருக்கு," என்றார் ஹரிகிருஷ்ணன். "இந்த முகப்பையே விட்டுட்டு எங்க டிசைன்ல கட்டிடறது. எனக்கும் நிம்மதி."

சுப்புராமன் கண்களை மூடிக்கொண்டார்.

"அது உங்க அதிகாரம்," என்றாள் சகுந்தலா. "ஆனா அதுக்கு முன்னாடி கருங்குழிக்கு ஒரு ஆளை அனுப்பி, டீக்கடையில நிக்கிற தூணை உங்க டேப்புலயே அளந்து பாருங்க."

ரஞ்சித்குமார் வண்டியில் போய்த் திரும்ப அரை மணி ஆயிற்று. "மூணு அஞ்சு சார்," என்றான் இறங்கியதும். "ரெண்டு தபா அளந்தேன். அந்தக் கடைக்கார அம்மா, இதே தூணை இன்னும் எத்தினி பேருடா அளப்பீங்கன்னு திட்டுது."

"ஒரு தூணுக்குச் சாட்சி இருக்கு," என்றார் ஹரிகிருஷ்ணன். "மீதி பத்து அளவுக்கு?"

சகுந்தலா அளவுப் புத்தகத்தைப் பதினான்காம் பக்கத்தில் திறந்து அவர் கையில் கொடுத்தாள். விரலை அந்த வரியின்மேல் வைத்தாள். "இங்க நான் மறுபடி அளந்திருக்கணும். அளக்காம எழுதியிருக்கேன். இதுக்குக் கீழே இருக்கிறது எல்லாத்துலயும் பத்து சேர்க்கணும். மேலே எதையும் தொடக் கூடாது."

அவர் "மேற்படி" என்ற சொல்லை வெகுநேரம் பார்த்தார். வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்த ஒருத்தி அதைத் தன் விரலாலேயே சுட்டிக்காட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். பிறகு தம் வரைபடப் பிரதியை வண்டியின் முன்பக்கத்தில் விரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்துலயும் கையெழுத்து வேணும். தேதியோட."

பதினொரு இடங்களில் கையெழுத்திட்டாள். ஒவ்வொன்றையும் போடும் முன் எண்ணைப் படித்தாள். ஏழாவதில் அவர் மூன்றை எட்டு மாதிரி எழுதியிருந்தார். அதைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்திட்டாள். சுப்புராமன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிரிங்கடா," என்றார் ஹரிகிருஷ்ணன்.

முட்டுகளைத் தட்டித் தட்டி எடுத்தார்கள். தகடுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பத்து நாள் வேலை. ரஞ்சித்குமார் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "பத்து சென்டிமீட்டருக்கு இன்னா பேஜாரு! வீட்ல குந்திகினு அட்டைல வெட்டினா ஒட்டினா ஆச்சு. இங்க இரும்ப எவன் தூக்கறது?"

"நீங்கதான்," என்றாள் சகுந்தலா. "தப்பு என்னோடது. தூக்கறது நீங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். மேலும் திட்டலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தவன்போல் நின்று, சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனான்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கல்பாக்கம் பக்கம் போக ஒரு பேருந்து இருக்கிறது, பிடித்துவிடலாம் என்று சுப்புராமன் வந்து சொன்னார். அவள் தலையசைத்தாள், நகரவில்லை. வெயிலில், மணல் குவியலுக்குப் பக்கத்தில், கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்கள் வசைபாடியபடி ஒவ்வொரு தகடாகப் பெயர்த்தார்கள். வசைகளில் பெரும்பாலானவை அவளுக்குரியவை. அவற்றைக் கேட்காததுபோல் பாவனை செய்யவும் இல்லை. மூன்று மணிப் பேருந்து சாலையில் ஒலி எழுப்பிவிட்டுப் போயிற்று. ஆறாவது தூணின் கடைசித் தகடும் இறங்கிய பிறகுதான் அவள் நிழலுக்கு வந்தாள்.